சம்மந்தி வண்டிக்கு என்ன மைலேஜ்?

எங்கள் பாப்பாவுக்கு இரண்டு தாத்தாக்கள். ஒருவர் தூக்கினால் சிரிப்பாள். இன்னொருவர் தூக்கினால் அலறுவாள். சிரிப்பது என் கையில். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை என்று எழுதினால் என் வீட்டுக்காரி மகேஸ்வரியே நம்ப மாட்டாள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அலறல் வாங்குகிறவர் என் சம்மந்தி காளிதாஸ். என் மகள் அஷ்வினியின் மாமனார். ஊர் கௌதள்ளி. கொள்ளேகாலத்துக்கும் மாதேஸ்வரன் மலைக்கும் நடுவே முப்பது வருடம் தனியார் பஸ் ஓட்டியவர். இப்போது வேலையை விட்டுவிட்டு, இருக்கிற நிலத்தில் மஞ்சள் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

அவர் பஸ் ஓட்டிய காலத்தில் முதலாளி டீசலை அளந்துதான் ஊற்றுவாராம். மிச்சம் பிடிக்கிற டிரைவருக்குத் தீபாவளிக்கு ஒரு வேட்டி அதிகம். காளிதாஸ் வீட்டு பீரோவில் வேட்டி வைக்க இடமில்லை. ஸ்டாப் வருவதற்கு வெகு முன்னாலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். பஸ் தானாக உருண்டு போய், கை காட்டுகிற ஆளுக்கு முன்னால் ஒரு பெருமூச்சு விட்டு நிற்கும். நிற்பதற்குள் இன்ஜினை அணைத்துவிடுவார். வேலையை விட்ட பிறகும் அந்தக் கை அடங்கவில்லை. வீட்டில் சோறு பாதி வேகும்போதே அடுப்பை அணைத்து மூடி வைக்கச் சொல்வார். மீதியை ஆவி பார்த்துக்கொள்ளுமாம்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவே அப்படித்தானுங்ணா" என்பார் அவர் வீட்டம்மா மாரக்காள். "ஊட்டு வாசலுக்கு வரதுக்கு முன்னாடியே கால எடுத்துட்டாரு. உருண்டு வந்து எங்கப்பன் முன்னால நின்னாரு. அன்னைக்கிருந்து உருண்டுட்டேதான் இருக்கறோம்."

அஷ்வினிக்குப் பிரசவம் எங்கள் வீட்டில், மைசூர் விஜயநகரில் நடந்தது. நான் டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி. வாடகைக்குக் கீழ்வீடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காளிதாஸும் மாரக்காளும் பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்வார்கள். வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு அவர் குழந்தையை வாங்குவார். அவள் ஒரு தரம் அந்த மீசையைப் பார்ப்பாள். உதடு பிதுங்கும். அப்புறம் தெருவே கேட்கும்.

"புது மொகமுங்க, அதான்" என்பார். போன வாரமும் அதே முகம்தான். ஆனால் குழந்தைக்கு வாரம் என்றால் ஒரு யுகம். அழுது ஓய்ந்து, சரி இந்த ஆள் கடிக்க மாட்டார் என்று அவள் கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பிக்கிறபோது கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

"ராத்திரி இங்கயே இருந்துட்டுப் போலாம்ல அண்ணா?" என்று மகேஸ்வரி எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள்.

"பொண்ணெடுத்த ஊட்டுல ராத்தங்கற பளக்கம் எங்க பக்கம் இல்லீங்க அம்மிணி."

"அண்ணிக்காவது ஒரு பாய் போடறேன்."

"அவளுக்கென்னங்க, வேணும்னா படுக்கட்டும். நான் திண்டாடிப் போயிருவேன்."

மாரக்காளும் தங்க மாட்டார். ஆனால் அவருக்கு இந்தப் போக்குவரத்தில் ஒரு கெத்து உண்டு. கர்நாடகத்தில் அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. "எனக்கு ஒரு சொட்டு செலவில்ல. ஊர்ல எல்லாருக்கும் மைலேஜு பாக்கறாரே, எனக்கு எத்தனன்னு கேளுங்ணா" என்பார். காளிதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இதில் சிரிப்பாகப் போய்விட முடியாத ஒன்று இருந்தது. ஐந்தாம் மாதம்.

எங்கள் இரண்டு வீட்டிலும் வழக்கம் ஒன்றுதான். முதல் குழந்தையைத் தாய்வீட்டிலிருந்து ஐந்தாம் மாதம் அழைத்துப் போவார்கள். அன்றைக்கு அம்மாவின் அப்பா குழந்தையைத் தூக்கி வந்து, வாசலில் நிற்கும் அப்பாவின் அப்பா கையில் கொடுக்க வேண்டும். அவர் வாங்கிக்கொண்டு வண்டி ஏற வேண்டும். குழந்தை அழாமல் போனால் அந்த வீடு அதற்குப் பிடித்துவிட்டது என்பார்கள். அழுதால் அன்றைக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அப்புறம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். என் மாப்பிள்ளை சந்தோஷ்குமாரைக் கைக்குழந்தையாக அழைத்து வந்தபோது ஹனூர் தாண்டும் வரை அழுதானாம். அவனுக்கு இப்போது தலையில் முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. கௌதள்ளி டீக்கடையில் இன்னும் அந்த அழுகையைப் பேசுகிறார்கள்.

காளிதாஸுக்கு அந்த நாள்தான் கவலை. பேத்தி தன் கைக்கு அழாமல் வரவேண்டும். அவருக்கு வேறொன்றும் வேண்டாம். அதற்கு அவள் தினமும் இந்த முகத்தைப் பார்க்க வேண்டும். தினமும் பார்க்க மைசூரில் இருக்க வேண்டும். இருக்கலாமென்றால் பழக்கம் விடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான அலறல் முடிந்த கையோடு, காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று போனவர் முகம் மலர்ந்து வந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு டெம்போ டிராவலர் விற்பனைக்கு நிற்கிறதாம். உள்ளே சீட்டெல்லாம் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, மேலே தண்ணீர் டேங்க், ஒரு சின்ன ஃபேன் எல்லாம் வைத்திருக்கிறார்களாம்.

"என்ன சம்மந்தி, ஊட்டிக்கு டூரா?" என்றேன்.

"ஊட்டிக்கெதுக்குங்க? இங்கதான். உங்க ஊட்டு முன்னால கொண்டாந்து நிறுத்திக்கறேன். நானும் அவளும் அதுல படுத்துக்கறம். என்ற ஊட்டுல நான் படுத்தா யாரு கேக்கறது?"

"அதுக்கொரு காரே வாங்கி வந்து வந்து போலாமே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வந்து வந்து போனா வந்து வந்து எண்ண ஊத்தோணும். இது ஒருக்கா வரும், நின்னுக்கும். நிக்கிற வண்டி எண்ண குடிக்காதுங்க சம்மந்தி."

முப்பது வருட டிரைவர் தன் வாழ்க்கையிலேயே சிக்கனமான வண்டியைக் கண்டுபிடித்துவிட்டார். ஓடாத வண்டி.

ஆனாலும் கண்ணில் பட்ட முதல் வண்டியை வாங்குகிற ஆளில்லை அவர். ரிங் ரோட்டில் பழைய வண்டி விற்கிற இடத்துக்கெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு போனார். ஒரு சின்ன வேனைக் காட்டினார்கள், பின்னால் ஒரு மெத்தை போட்டிருந்தது. பெட்ரோல் வண்டி என்றதும் கதவைக்கூடத் திறக்கவில்லை. "பெட்ரோலு செண்டு மாதிரிங்க. மூடியத் தொறந்தாலே பாதி போயிரும்." அடுத்து ஒரு பழைய ஆம்புலன்ஸ். டீசல், விலையும் சல்லிசு, கட்டில் ஏற்கெனவே இருக்கிறது. காளிதாஸுக்கு ஆசை வந்துவிட்டது. மாரக்காள் ஒரே கேள்வி கேட்டார். "இதுல படுத்தவங்க எல்லாம் எந்திரிச்சாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க. அப்புறம் நான் ஏறறேன்." அதோடு அது முடிந்தது.

கடைசியில் டெம்போ டிராவலருக்கே வந்தோம். சொந்தக்காரர் யுவன் என்று கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் தமிழைவிடக் கன்னடம் நன்றாக வரும். பெண்டாட்டியோடு ஊர் ஊராகச் சுற்ற ஆசைப்பட்டு வண்டியை மாற்றிக் கட்டியிருக்கிறார். இப்போது அந்தப் பெண் மாசமாக இருக்கிறாள்.

"அவளுக்கு வண்டி வாசனையே ஆகல அங்கிள். அதான் கொடுக்கிறேன். கண்டிஷன் சூப்பரா இருக்கு."

"மைலேஜு?"

"பன்னெண்டு பக்கா."

"எறக்கத்துலயா, சமவெளிலயா?"

யுவன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். காளிதாஸ் சோதித்தே தீரவேண்டும் என்றார். டேங்க் கழுத்துவரை டீசல் நிரப்பி, சாமராஜநகர் போய்த் திரும்பி வந்து, அதே பங்க்கில் அதே இடத்தில் நிறுத்தி மறுபடி கழுத்துவரை நிரப்பினால் எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும். கழுத்துவரை என்றால் அவர் கணக்கில் கழுத்துவரை. பங்க்கில் வண்டியை நிறுத்தி, டேங்க்கில் காற்று இருக்கக்கூடாது என்று எங்களை இரண்டு பக்கமும் நின்று ஆட்டச் சொன்னார்.

"இன்னும் நல்லா ஆட்டுங்க சம்மந்தி. நீங்க டைல்ஸு தட்டற மாதிரி தட்டறீங்க."

நானும் யுவனும் அந்தப் பெரிய வண்டியைப் பிடித்து ஆட்டினோம். பங்க்கில் நின்றவர்கள் யாரோ உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று ஓடி வந்தார்கள்.

நஞ்சன்கூடு தாண்டி ஒரு டிராக்டர் எங்களை முந்திக்கொண்டு போனது. அதில் கரும்பு வேறு ஏற்றியிருந்தார்கள். யுவன் நெளிந்தார்.

"அங்கிள், ஸ்வல்ப வேகமா போகலாமா?"

"வேகமா போனா சீக்கிரம் போயிருவம் தம்பி. மைலேஜு கெட்டுரும்."

எந்த வேகத்தடையையும் அவர் ஏறவில்லை. வண்டியே யோசித்து ஏறி இறங்கியது. பொழுது சாய்கிற நேரத்துக்கு அதே பங்க்குக்கு வந்து, மறுபடி ஆட்டி, நிரப்பி, கணக்குப் போட்டால் லிட்டருக்குப் பதினான்குக்கு மேல் வந்தது. காளிதாஸ் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அவருக்கு ஒன்று மறந்துவிட்டது. வாங்கப் போகிற ஆள் வண்டியின் பெருமையை விற்கிற ஆளுக்கு நிரூபித்துக் காட்டக்கூடாது.

யுவன் தலையைச் சொறிந்தார். "அங்கிள், பதினாலு கொடுக்கிற வண்டி. நான் கம்மி சொல்லிட்டேன் அனிசுத்தே, தோணுது. வொய்ஃபை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்."

பின்னால் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாரக்காள்தான் இறங்கி வந்தார்.

"ஏன் தம்பி, அது உன்ற வண்டியோட மைலேஜு இல்ல. இந்த மனுசனோடது. வேணும்னா இவர நீ வெச்சுக்க. நீ சொன்ன வெலைக்கே நாங்க வண்டிய எடுத்துக்கறம்."

யுவன் ஒரு தரம் காளிதாஸைப் பார்த்தார். சொன்ன விலைக்கே வண்டியைக் கொடுத்துவிட்டார்.

இப்படித்தான் மஞ்சள் விற்ற பணம் எங்கள் வீட்டு முன்னால் வெள்ளை நிறத்தில் வந்து நின்றது. முதல் நாள் சாயங்காலம் பின்கதவைத் திறந்து வைத்து மாரக்காள் இட்லி ஊற்றினார். ஆவி தெருவுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா தூக்குப் பாத்திரத்தோடு வந்து, "இட்லி எஷ்டு?" என்று விலை கேட்டார். பின்னாலேயே இரண்டு பேர். புதிதாக வந்த டிஃபன் வண்டி என்று நினைத்துவிட்டார்கள். மாரக்காள் விற்கிறதில்லை என்று சொல்லி ஆளுக்கு நாலு சும்மாவே கொடுத்தனுப்பினார். மறுநாள் கூட்டம் அதிகம்.

எதிர்வீட்டு இராமச்சந்திரன் சார் மட்டும் பாத்திரம் கொண்டு வரவில்லை. பேங்க் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் வாக்கிங் போகும்போது வண்டியைச் சுற்றி வருவார், கணக்கில் இடிக்கிற செக்கைப் பார்க்கிற மாதிரி.

"ஏம்பா சேகரன், இது எத்தனை நாள் இங்க நிக்கும்?"

"சம்மந்தி வந்திருக்காரு சார். பேத்தி பழகறவரைக்கும்."

"வீட்டுக்குள்ள வந்து பழகக்கூடாதா?"

"அது அவங்க பக்கம் பழக்கம் இல்லயாம் சார்."

"வண்டில வந்து தெருவை அடைக்கிறது மட்டும் பழக்கமா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

தண்ணீர்கூட எங்கள் குழாயில் பிடிக்க மாட்டார் காளிதாஸ். தெருமுனைக் குழாய்க்குப் போவார். மகேஸ்வரி ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தால் கிண்ணம் திரும்பி வரும்போது அதில் வெல்லமோ வாழைப்பழமோ இருக்கும். இரண்டு நாட்டுக்கு நடுவே நடக்கிற மாதிரி நடந்தது எல்லாம்.

எல்லாம் சரிதான், பாப்பா மட்டும் மசியவில்லை.

காலையில் தூக்குவார், அலறுவாள். மத்தியானம் தூக்குவார், அலறுவாள். கிலுகிலுப்பை வாங்கி வந்தார். பஸ்ஸில் மாட்டுகிற பூமாலை மாதிரி ஒன்று வாங்கி வண்டிக்குள் தொங்கவிட்டார். மாரக்காள் சொன்னார் என்று மீசையைக்கூட ஓரத்தில் கொஞ்சம் கத்தரித்தார். அன்றைக்கு இன்னும் சத்தமாக அழுதாள்.

"மீசை இருந்தப்பவே தேவலைன்னு சொல்றா மாமா" என்றாள் அஷ்வினி.

நான் வேலைவிட்டு வந்து, சிமெண்ட் கையைக் கழுவிவிட்டு, வாசலில் நின்று அவளைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பேன். கெக்கெக்கே என்று சிரிப்பாள். வண்டி ஜன்னலில் ஒரு முகம் தெரியும். நான் பார்க்காத மாதிரி இன்னொரு தரம் தூக்கிப் போடுவேன். மகேஸ்வரி என்னை உள்ளே கூப்பிட்டு, "பாவமுங்க அந்த மனுசன். அந்தப் பக்கம் திரும்பி நின்னாவது தூக்கிப் போடுங்க" என்றாள்.

இதற்குள் ஐந்தாம் மாதத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. காளிதாஸ் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒரு நாள் என்னிடம், "சம்மந்தி, அன்னைக்கு வேணும்னா நீங்களே வண்டிவரைக்கும் தூக்கிட்டு வந்து உள்ள விட்டுருங்க. யாரும் கவனிக்க மாட்டாங்க" என்றார். அன்று சாயங்காலம் நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுதான் பாப்பாவைத் தூக்கிப் போட்டேன்.

அந்த வாரம்தான் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்ட வந்தார்கள். வண்டியை எடுக்கச் சொன்னார்கள். காளிதாஸ் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

டக்.

மறுபடி திருப்பினார். டக்.

"செல்ஃப் எடுக்கலீங்க" என்றார், நம்பாத குரலில்.

எடுக்குமா? வந்த நாளிலிருந்து வண்டியை ஸ்டார்ட்டே பண்ணவில்லை. நிக்கிற வண்டி எண்ணெய் குடிக்காதே. ஆனால் ஃபேனும் லைட்டும் அந்த பேட்டரியைத்தான் குடித்துக்கொண்டிருந்தன. ஊரெல்லாம் டீசல் பார்த்த மனுசன் பேட்டரியைப் பார்க்கவில்லை.

தள்ளினோம். நான், பள்ளம் தோண்ட வந்த இரண்டு பேர், வாக்கிங் ஷூவோடு இராமச்சந்திரன் சார். சார் தள்ளிய உற்சாகத்தைப் பார்த்தால் வண்டியைக் கௌதள்ளிவரை தள்ளிவிடுவார் போலிருந்தது. கொஞ்சம் உருண்டதும் காளிதாஸ் செகண்ட் கியரில் விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி, தும்மி, ஸ்டார்ட் ஆனது. தெருக்கோடியில் காலி மனை இருக்கிறது. அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்தின உடனே கை சாவிக்குப் போனது.

"அணைச்சிடாதேங்கோ!" என்று கத்தினார் சார். "பேட்டரி ஏறணும். நன்னா ஓட விடுங்கோ. அணைச்சா மறுபடி நான்தான் தள்ளணும்."

நிற்கிற வண்டி எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. காளிதாஸ் கதவை ஜன்னலை எல்லாம் திறந்து வைத்து, புகைக்குழாய் பொட்டல் பக்கம் பார்க்கிற மாதிரி நிறுத்தி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பல் பிடுங்குகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி முகம். ஒவ்வொரு சொட்டும் அவர் காதில் விழுந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துப் பாப்பாவுக்கு அந்தி அழுகை. அஷ்வினி தோளில் போட்டு நடந்தபடி காலி மனைவரை வந்துவிட்டாள். அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. "மாமா, எப்படியும் அழத்தான் போறா. கொஞ்ச நேரம் உங்ககிட்ட அழட்டும்" என்று அவர் மடியில் வைத்தாள்.

பாப்பா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

பழைய டீசல் இன்ஜின். கடகடவென்று வண்டி முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. சீட்டு நடுங்கியது, அவர் தொடை நடுங்கியது, அதன்மேல் பாப்பாவின் கன்னம் இரண்டும் ரவா கேசரி மாதிரி ஆடின. அவள் திறந்த வாயை மூடிக்கொண்டு யோசித்தாள். ஸ்டியரிங்கைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். கண் சொருகியது. அவர் வயிற்றில் சாய்ந்து தூங்கிப் போனாள்.

காளிதாஸ் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. நான் ஜன்னலோரம் போய், "பேட்டரி ஏறியிருக்கும் சம்மந்தி, அணைச்சிருங்க" என்றேன், குசும்புக்கு.

பழக்கதோஷத்தில் அணைத்துவிட்டார். வண்டி அடங்கியதும் பாப்பா கண்ணைத் திறந்தாள். உதடு பிதுங்க ஆரம்பித்தது. காளிதாஸ் ஒரே திருப்பு. செல்ஃப் எடுத்தது. உதடு உள்ளே போனது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதே காலி மனை. அதே கடகட. பாப்பா அவர் மடியில். தூங்குவாள், முழிப்பாள், அந்த முகத்தைப் பார்ப்பாள், அழ மாட்டாள். நாலைந்து நாளில் ஸ்டியரிங்கைத் தட்டத் தொடங்கினாள். அப்புறம் ஒரு நாள் மீசையைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்கு அவர் தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் மீசையைக் காட்டினார். ஆனால் இன்ஜின் ஓடும்வரைதான் இந்த உறவு. வீட்டுக்குள் அமைதியாகத் தூக்கினால் பழைய அலறல்தான்.

எனக்கும் வேலை கிடைத்தது. தினமும் போய்க் கேட்பேன்.

"சம்மந்தி, இன்னைக்கு என்ன மைலேஜு?"

"சைபருங்க."

"அந்த வேட்டியெல்லாம் திருப்பிக் கேப்பாரே உங்க மொதலாளி?"

"கேட்டா குடுத்துரலாமுங்க. எல்லாம் புது வேட்டிதான், மடிப்பே பிரிக்கல."

டீசல் போட பங்க்குக்குப் போனால் அங்கே இருக்கிறவர், "ஏனண்ணா, வண்டி எங்கயும் போன மாதிரி தெரியலயே, டேங்க்ல ஓட்டையா?" என்று கேட்டாராம். முப்பது வருடத்தில் எவனும் தன்னை இப்படிக் கேட்டதில்லை என்று காளிதாஸ் சிரித்தபடி சொன்னார். சிரித்தபடி! மாரக்காள் என் காதில், "ஜொரம் கிரம் இருக்குதான்னு தொட்டுப் பாருங்ணா" என்றார்.

குறித்த நாள் வந்தது. ஓசூர் கம்பெனியிலிருந்து மாப்பிள்ளை லீவு போட்டு வந்துவிட்டான். குழாய்ப் பள்ளமெல்லாம் மூடியாகிவிட்டது. காளிதாஸ் மடிப்புப் பிரித்த புது வேட்டியில் வண்டியை எங்கள் வாசலுக்கே கொண்டு வந்தார். திட்டம் எல்லாருக்கும் தெரியும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் கதவோரம் நிற்பார். நான் கொடுப்பேன். அவர் வாங்கியதும் வண்டிக்குள் ஏறிவிடுவார்.

மகேஸ்வரி ஆரத்தி கரைத்தாள். இட்லி வாங்கின வீட்டு அம்மாக்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். இராமச்சந்திரன் சார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார், தேவைப்பட்டால் தள்ளுவதற்கு. நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். காளிதாஸ் சீட்டிலிருந்து இறங்கினார்.

இறங்கும்போது சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டார்.

வேண்டுமென்று செய்யவில்லை. முப்பது வருடமாக அந்தக் கை இன்ஜினை அணைக்காமல் அவரைக் கீழே இறங்க விட்டதில்லை. சாவி அவர் விரலில் தொங்குகிறது, அவர் என் முன்னால் இரண்டு கையையும் நீட்டியபடி நிற்கிறார், அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. தெரு அப்படியே அமைதியாகிவிட்டது. திரும்பிப் போய் ஸ்டார்ட் பண்ண முடியாது. நீட்டிய கையை மடக்கக்கூடாது.

பாப்பா அவர் மீசையைப் பார்த்தாள். என் சட்டைக் காலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உதடு பிதுங்கியது.

"டுர்ர்ர்ர்ர்ர்" என்றார் காளிதாஸ்.

உதட்டைச் சேர்த்து, மீசை படபடக்க, கன்னம் இரண்டும் ஆட, எச்சில் தெறிக்க, அத்தனை ஜனத்துக்கு முன்னால். அந்த வண்டியின் சத்தம் அப்படியே இருந்தது. நடுவில் அது ஒரு தரம் விக்குமே, அந்த விக்கல்கூட விடவில்லை. உதட்டோடு கையையும் சேர்த்து நடுக்கினார். ஒரு பொடியன் சிரித்தான். அவர் நிறுத்தவில்லை.

பாப்பா என் காலரை விட்டாள். இந்தப் பக்கம் அணைந்து கிடக்கிற வண்டியைப் பார்த்தாள், அந்தப் பக்கம் ஓடுகிற தாத்தாவைப் பார்த்தாள். கெக்கெக்கே என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கொடுப்பதற்கு முன்னாலேயே அவர் கைக்குச் சாய்ந்துவிட்டாள்.

காளிதாஸ் வாங்கிக்கொண்டார். சத்தம் போட்டபடியே திரும்பினார், சத்தம் போட்டபடியே படி ஏறி அஷ்வினி பக்கத்தில் உட்கார்ந்தார். சாவியை மாப்பிள்ளை வாங்கி ஸ்டார்ட் பண்ணினான். நிஜ இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகும் இவர் நிறுத்தினபாடில்லை. கண்ணில் தண்ணீர் வேறு.

"ஏனுங்க, இப்ப என்ன மைலேஜுங்க?" என்று மாரக்காள் உள்ளேயிருந்து கேட்டார். பதில் இல்லை. பதில் சொல்ல வாயை நிறுத்த வேண்டுமே.

வண்டி கிளம்பியது. தெருமுனை திரும்புகிறவரை எனக்கு இரண்டு இன்ஜின் சத்தம் கேட்டது.

அன்றைக்கு வேலைக்கும் போகவில்லை, சாயங்காலம் வீட்டில் பொழுதும் ஓடவில்லை. கூடத்தில் வெறும் தொட்டில் தொங்கியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதன் முன்னால் உட்கார்ந்து நானும் உதட்டைச் சேர்த்து ஊதிப் பார்த்தேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. இன்னொரு தரம் ஊதினேன்.

மகேஸ்வரி சமையல்கட்டிலிருந்து கேட்டாள்:

"என்னங்க, செல்ஃப் எடுக்கலீங்களா?"